இரண்டு கோடு

இங்கே யாரும் கேட்பதில்லை, இன்னொன்று வேண்டுமா என்று.
கோப்பையின் அடியில் நுரை மட்டும் மிஞ்சும்போது
அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும்.
வேண்டாதவர்தான் சொல்ல வேண்டும்,
அதுவும் சொல்லால் அல்ல.
மேசையில் கிடக்கும் வட்ட அட்டையை எடுத்துக்
கோப்பையின் வாயை மூட வேண்டும்.

பதினெட்டு வருடம் நான் மூடியதில்லை.

லுபோர் காதில் பேனா செருகியிருப்பான்.
ஒவ்வொரு பீருக்கும் சீட்டில் ஒரு கோடு.
நான்கு நின்றால் ஐந்தாவது குறுக்கே படுக்கும்,
வேலி அடைத்த மாதிரி.
சில சனிக்கிழமைகளில் என் சீட்டில் இரண்டு வேலி.
நான் உள்ளே இருக்கிறேனா, வெளியிலா,
நின்று பார்த்ததில்லை.

நான் குடிகாரி இல்லை.
முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்,
எல்லாரும் முதலில் சொல்வது போலவே.
கை நடுங்கியதில்லை. எங்கும் விழுந்து கிடந்ததில்லை.
ஒஸ்ட்ராவாவில் டிராம் ஓட்டுகிறேன், நேரம் தவறியதில்லை.
வேலை முடிந்த களைப்புக்கு ஒன்று,
வேலையில்லாத நாளின் சும்மாவுக்கு ஒன்று,
ஒட்டாகரின் பெயர்நாளுக்கு,
அவன் நாயின் அறுவை சிகிச்சைக்கு,
பனி பெய்ததற்கு, பெய்யாததற்கு.
எப்போது குடிவந்தது என்று தெரியவில்லை.
ஒரு நாள் பார்த்தால்
எல்லா அறையிலும் அதன் செருப்பு கிடந்தது.

ஜனவரியில் ஒரு விடிகாலை, நாலே கால்.
பணிமனை ஜன்னலில் குழாயை நீட்டினார்கள்.
தினமும் ஊதுவதுதான்.
பூஜ்ஜியம் என்றால் வண்டி, இல்லையென்றால் வீடு.
முந்தின இரவு பதினொன்றுக்கே எழுந்து வந்திருந்தேன்.
ஊதிக்கொண்டே கணக்குப் போட்டேன்,
கடன் வாங்கிக் கழிக்கும் பள்ளிப்பிள்ளை போல:
ஐந்து மணி நேரத்தில் எத்தனை கோடு கரையும்?

பூஜ்ஜியம்தான் வந்தது.
ஸ்வதாவா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை,
கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்தவரை அழைத்தாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆற்றுப் பாலம் தாண்டி முதல் நிறுத்தத்தில்
தூங்கும் குழந்தையோடு ஒருத்தி ஏறினாள்.
கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை மிஞ்சவில்லை.
அன்று முழுக்க வளைவுகளில் ஊர்ந்தேன்.
நான்கு நிமிடம் தாமதம்,
முதல் தடவையாக.

அந்த வெள்ளிக்கிழமை
இரண்டாவது காலியானதும் அட்டையை வைத்தேன்.
இறந்தவர் முகத்தைத் துணியால் மூடுவது போலிருந்தது.
மூன்றாவதோடு வந்துவிட்ட லுபோர் நின்றான்.
“உடம்புக்கு என்ன?”
“ஒன்றுமில்லை.”
“முழுகாமல் இருக்கிறாளோ?” என்றான் ஒட்டாகர்,
ஐம்பத்தோரு வயதுக்காரியைப் பார்த்து.
மேசையே சிரித்தது. நானும்தான்.
சிரித்து முடித்த பிறகும் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது.
அதுதான் பெரும்பாடு.

ஐந்தாவது பீரில் விழுந்து விழுந்து சிரித்த கதை
இரண்டில் அப்படியொன்றும் சிரிப்பாயில்லை.
ஒட்டாகர் நாய்க் கதையை மறுபடி தொடங்கினான்,
தொத்திறைச்சியைத் திருடிக்கொண்டு ஓடியது.
மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள்.
நான் அவன் கண்ணைப் பார்த்தேன்.
“இப்போது எப்படி இருக்கிறது?” என்றேன்.
“அக்டோபரில் செத்துப்போயிற்று.
உன்னிடம்தானே முதலில் சொன்னேன்,
இதே நாற்காலியில். நீ அழுதாயே.”

எனக்கு நினைவில்லை.

அதை வீட்டைவிட்டு விரட்டவில்லை.
ஒரே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்கு மட்டும்.
மார்ச்சில் கதவை உடைத்துக்கொண்டு கூடம்வரை வந்தது,
சீட்டில் ஒரு முழு வேலி.
அடுத்த வாரம் மறுபடி அட்டை.
செவ்வாய் மாலைகள்தான் ரொம்ப நீளம்.
சமையலறை அலமாரியைக் காலி செய்து துடைத்தேன்.
உப்புப் பொட்டலம் மூன்று இருந்தது,
மூன்றும் பிரித்தது.

நேற்றுக் காசை வாங்கிக்கொண்டு
சீட்டைக் கசக்கப் போனான் லுபோர்.
கொடு என்று வாங்கிக்கொண்டேன்.
இரண்டு கோடு. கீழே நிறைய வெள்ளை.
ஒட்டாகரிடம் கேட்டு அங்கே எழுதினேன்,
நாயின் பெயர்: அர்கோ.
ஒரு காது மட்டும் கறுப்பு.